மஞ்சள் அட்டைக் கூண்டுகள்

ஆராய்ச்சிக் கட்டடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் மாதமே, காரமான சோப்புத் தண்ணீரில் என் இரண்டு கையும் வெந்து தோலுரிந்து போனது. யாரிடமும் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாகக் கையைக் காட்டினால் வாசலைக் காட்டிவிடுவார்களோ என்று பயம். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், என் தொட்டிக்கு மேலே இருந்த ஆணியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை தொங்கியது. புதுசு. எனக்குக் கொஞ்சம் பெரிது. நழுவாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையமும் கூடவே மாட்டியிருந்தது.

சாமான் அறைக்காரர்தான் வைத்திருப்பார் என்று நினைத்து அவரிடம் போய் நன்றி சொன்னேன். "பரவாயில்லம்மா, என் கடமை" என்று அவரும் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் அவரைத்தான் பிரார்த்தனையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவை மூன்றாம் மாடியில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவருடைய பங்கு. மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடிதான் அவருக்கும் கொடுப்பார்கள். அவர் வெறும் கையோடு எலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கடித்த தழும்பு.

"அண்ணே, கடிக்காதா?" என்று கேட்டேன்.

"கடிக்கட்டும்மா. அதுங்களுக்கும் பொழுது போகணும்ல" என்றார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கட்டடம் முழுக்க அவர் எலியண்ணன்தான். அவரைவிட வயதில் மூத்தவரான பெரிய டாக்டர்கூட ஒருநாள் நாலு பேர் முன்னால் "எலியண்ணனைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் இருமிச் சமாளித்தார்.

மூன்றாம் மாடியின் கோடியில் இருந்தது எலி அறை. இரண்டு கதவு. முதல் கதவைத் தாண்டியதும் செருப்பை மாற்ற வேண்டும். உள்ளே இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாகக் கூண்டுகள். கூண்டு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அட்டை. காலை ஆறுக்கு விளக்கு எரியும், மாலை ஆறுக்கு அணையும். எல்லா எலிக்கும் ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே மரத்தூள். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. எலியண்ணன் காலையில் நுழைந்ததும் விளக்கைப் பார்க்க மாட்டார், எடை போடும் தராசைப் பார்க்க மாட்டார். மூக்கை உயர்த்தி நிற்பார். எந்தப் பெட்டியில் எதற்கு உடம்பு சரியில்லை என்று வாசனையிலேயே தெரிந்துவிடும் அவருக்கு.

அவர் அங்கே இருந்த இருபத்தேழு வருடத்தில் புற்றுநோய் பதினொரு தடவை குணமானது. சர்க்கரை நோய் ஒன்பது தடவை. பழுதான இதயம் தானாகவே புதுச் சதை போட்டுக்கொண்டது. கண் தெரியாத எலிக்குக் கண் தெரிந்தது. நடக்காத எலி நடந்தது. வழுக்கை எலிக்கு முடி முளைத்தது. அதைக் கண்டுபிடித்த டாக்டர் தொப்பி போட்டுக்கொண்டு போய்ப் பரிசு வாங்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் பேப்பர்க்காரர்கள் வருவார்கள், கீழே இனிப்பு கொடுப்பார்கள், மேலே எலியண்ணன் மரத்தூள் மாற்றிக்கொண்டிருப்பார்.

"எலியாப் பொறந்திருக்கணும் தங்கச்சி" என்பார் என்னிடம். "தீராத வியாதின்னு ஒண்ணு கிடையாது."

சும்மா சொல்லக் கூடாது. அதில் சிலது மனிதர்வரை வந்து சேரத்தான் செய்தது. எங்கள் வாட்ச்மேன் மனைவிக்கு ரத்தப் புற்று வந்தபோது, தினம் ஒரு மாத்திரையிலேயே அதைக் கட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். அந்த மாத்திரையையும் எங்கோ ஓர் எலிதானே முதலில் விழுங்கியிருக்கும். அதனால் என் பிரார்த்தனையில் எலிகளையும் சேர்த்துக்கொள்வேன். தன் பெயருக்கு முன்னால் எலி வருகிறது என்று என் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல்.

எலியண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் அவருடைய அக்காவோடும் அத்தானோடும் இருந்தார். அத்தான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எதிரே நின்றவன் சொன்ன எதையும் நம்பாமல் பிழைத்த மனிதர், பேப்பரில் அச்சடித்து வந்ததை மட்டும் அப்படியே நம்பினார். மருத்துவச் செய்தி எது வந்தாலும் கத்தரித்து ஒரு தடித்த நோட்டில் ஒட்டுவார். தலையில் தொடங்கிக் கால்வரை உறுப்பு உறுப்பாகப் பிரித்திருப்பார். இதயம் என்ற பக்கத்தில் காபி குடித்தால் நல்லது என்று ஒரு துண்டு இருக்கும். அதற்கு எதிர்ப் பக்கத்தில் காபி குடித்தால் கெடுதல் என்று இன்னொரு துண்டு. கேட்டால், "ரெண்டும் ஆராய்ச்சிதானேம்மா" என்பார். அதற்குத் தகுந்தபடி ஒற்றைப்படைத் தேதியில் காபி குடிப்பார், இரட்டைப்படைத் தேதியில் குடிக்க மாட்டார்.

அக்கா ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். நானூறு நம்பர் மனப்பாடம். யார் குரலையும் ஒரு "ஹலோ"வில் கண்டுபிடித்துவிடுவாராம். அவருக்குத்தான் மறதி நோய் வந்தது. அடுப்பில் வைத்தது மறந்தது, பிறகு அடுப்பே மறந்தது. பழைய நம்பர்கள் மட்டும் போகவில்லை. நான் போய் உட்கார்ந்தால் யார் நீ என்று கேட்பார். கேட்டுவிட்டு, ஏதோ ஒரு மேலாளர் வீட்டு நம்பரைத் தப்பில்லாமல் சொல்வார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது மறதியை நிறுத்தாது, அதன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். அந்த மாத்திரை புண்ணியத்தில் தம்பியையும் புருஷனையும் இன்னும் அடையாளம் கண்டுகொண்டிருந்தார்.

ஒருநாள் நான் இருக்கும்போதே அத்தான் நோட்டோடு வந்தார்.

"மச்சான், இதப் படி. மாசம் ஒரு ஊசியாம். மூளையில சேர்ற அழுக்கை அப்படியே கழுவி விட்டுடுதாம்."

"எலிக்கா, மனுஷனுக்கா அத்தான்?"

"அதெல்லாம் போடல."

"கடைசி வரியில போட்டிருப்பாங்களே."

"கடைசி வரிக்குப் பக்கத்துல சோப்பு விளம்பரம். வெட்டுறப்ப அதோட போயிடுச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குடா உடம்பு சரியில்ல?"

"உலகத்துக்கு" என்றார் அத்தான்.

"ஐயோ பாவம்" என்றார் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டரின் மறதி மருந்து எலி அறைக்கு வந்தது. ஐந்து வருட உழைப்பு. மறதி பிடித்த எலிகள் எண்பதை எடுத்து, நாற்பது கூண்டுக்கு மஞ்சள் அட்டை, நாற்பது கூண்டுக்கு வெள்ளை அட்டை மாட்டினார்கள். தினமும் காலை பத்து மணிக்கு எண்பதுக்கும் ஊசி. ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொரு நிறத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்த நிறத்துக்கு எது என்பது பெரிய டாக்டரின் பூட்டிய அலமாரிக்குள். ஊசி போடுகிற மாணவிக்கும் தெரியாது, எலியண்ணனுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எலியிடம் மட்டும் அதைச் சொல்லி வைக்கவில்லை.

ஊசி போட்ட அரைமணி நேரத்தில் மஞ்சள் அட்டை எலிகள் மூலையில் சுருண்டன. முடி சிலிர்த்து, கண் பாதி மூடி, தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் சாயங்காலம்வரை கிடந்தன. வெள்ளை அட்டைகள் வழக்கம்போல மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன. எலியண்ணன் மாணவியிடம் சொன்னார். எப்போதும் கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கும் பெண் அவள். கடிகாரப் பெண் என்போம். நல்ல பெண். அவள் நோட்டில் "தற்காலிகச் சோர்வு" என்று எழுதிக்கொண்டாள். சோர்வுக்கு நோட்டில் இடம் கிடைத்தது. எலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எலியண்ணன் மறுநாள் சட்டைப் பையில் பஞ்சு கொண்டு வந்தார். மஞ்சள் அட்டைகளுக்குப் படுக்கப் பஞ்சு. பிறகு காகிதம் சுற்றி வரும் அட்டைக் குழாய், உள்ளே நுழைந்து விளையாட. தீனி தின்னாததுகளுக்குப் பூசணி விதை. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தெம்பு வருகிறவரை தடவிக்கொடுத்து, முழங்கைவரை ஓடவிட்டு, திரும்ப வைப்பார். சுவரில் ஒட்டியிருந்ததை அவரும் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்டதைக் கொடுத்து எலியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி, நோயாளிக்கு ஒரு வாய் கொடுப்பதை அதில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

பூசணி விதையை உரித்துக் கொடுத்தது அக்கா. கைக்கு ஒரு வேலை இருந்தால் அவர் பதற்றமில்லாமல் இருப்பார் என்று ஜன்னல் ஓரம் உட்காரவைத்து முறத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"யாருக்குடா இது?"

"பசங்களுக்குக்கா."

"எத்தன பசங்க?"

"நாப்பது."

அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "நாப்பதா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா நீ."

மூன்று மாதம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். வட்டமான தொட்டியில் பால் கலந்ததுபோல வெள்ளைத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலிக்கு அந்த இடத்தை நாலு நாள் பழக்கிவிட்டு, ஐந்தாம் நாள் விட்டுப் பார்ப்பார்கள். ஞாபகம் இருக்கிற எலி நேரே நீந்திப் போய் ஏறி நிற்கும். வெள்ளை அட்டைகள் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. மஞ்சள் அட்டைகள் பத்து விநாடியில் மேடையில் நின்று முகம் துடைத்துக்கொண்டன. பெரிய டாக்டர் அலமாரியைத் திறந்து பார்த்தார். மஞ்சள்தான் மருந்து. கடிகாரப் பெண் அழுதே விட்டாள்.

இனிப்பு வந்தது. பேப்பர்க்காரர்கள் வந்தார்கள். படம் எடுக்க வேண்டும், உள்ளங்கையில் எலியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரிய டாக்டர் மஞ்சள் அட்டை எலி ஒன்றைக் கையில் வாங்கினார். அது நிற்கவில்லை. குதித்தது. எடுத்துத் திரும்ப வைத்தார்கள், திரும்பக் குதித்தது. படம் எடுப்பவருக்குப் பின்னால் ஓரமாக எலியண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கமாகவே குதித்துக்கொண்டிருந்தது. நேரம் ஆகிறது என்று கடைசியில் வெள்ளை அட்டை எலி ஒன்றை வைத்து எடுத்தார்கள். அதற்கு எங்கே போவது என்று ஞாபகம் இல்லாததால் அசையாமல் நின்றது. "மறதிக்கு விடை" என்ற தலைப்புக்குக் கீழே, உலகமெல்லாம் பார்த்தது அந்த எலியைத்தான்.

அத்தான் அந்தப் படத்தை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார். அன்றைக்கு இரட்டைப்படைத் தேதி, இருந்தாலும் காபி குடித்தார். அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய், மனிதருக்கு மருந்து போட்டுப் பார்க்கும் பட்டியலில் அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். பதினாலாவது பெயர். ஒரே ஒரு நிபந்தனை: புது ஊசிக்கு ஆறு வாரம் முன்னாலேயே பழைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மாத்திரையின் வேலை எது, ஊசியின் வேலை எது என்று குழம்பக் கூடாதாம். நிறுத்த வேண்டிய நாள் வருகிற திங்கட்கிழமை.

"மாத்திரைய நிறுத்துனா அதுக்குள்ள நம்மள மறந்துட்டாங்கன்னா அத்தான்?" என்று எலியண்ணன் கேட்டாராம்.

"மறந்தா என்ன, ஊசி போட்டதும் ஞாபகம் வந்துடும். உன் எலிக்கு வரலையா?"

எலிக்கு வந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார்.

வியாழக்கிழமை டீ குடிக்கிற நேரத்தில் கடிகாரப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். வேறோர் ஊரில் இதே மருந்தை இதே வகை எலிக்குப் போட்டுப் பார்த்தார்களாம். ஒன்றும் நடக்கவில்லையாம்.

"அவங்க எலி எல்லாம் சும்மா சுருண்டு தூங்குதாம் அண்ணே. அவங்களுக்கு எலி வளர்க்கத் தெரியலன்னு பெரிய டாக்டர் சொல்றாரு."

"அங்க யாரும்மா பாத்துக்கறாங்க?"

"யாரும் இல்ல. எல்லாம் மெஷின். தீனி தானா விழும், அழுக்கு தானா போகும். ஆளே உள்ள போக மாட்டாங்களாம்."

எலியண்ணன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நேரே என் தொட்டியடிக்கு வந்தார். குழாயை நானே மூடினேன். அவர் முகம் அப்படி இருந்தது. பஞ்சிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அந்த மருந்து ஒண்ணுமே இல்லையாண்ணே?"

"தெரியாது தங்கச்சி. அதான் விஷயமே. மருந்தாவும் இருக்கலாம், விதையாவும் இருக்கலாம். நான் நடுவுல கைய வெச்சதுனால இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இது தெரியாம அக்கா மாத்திரைய நிறுத்தப் போறாங்க."

சொன்னால் வேலை போகும். அத்தான் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மாத்திரை நிற்கும். அக்காவோடு போச்சென்றும் இல்லை, பட்டியலில் முன்னால் பதிமூன்று பேர் இருந்தார்கள். பெரிய விஷயத்துக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆள் இல்லை நான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கடவுளுக்கு ஏற்கனவே தெரிஞ்சதத்தானே அண்ணே டாக்டர்கிட்ட சொல்லப் போறீங்க."

"கடவுள் கத்த மாட்டாரு தங்கச்சி" என்றார்.

மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறையில் நான் கழுவிய குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கடிகாரப் பெண்ணும் அங்கே இருந்தாள். எலியண்ணன் வந்து, நின்றபடியே சொன்னார். பெரிய டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் ஐயா."

"ஒரு எலிக்கு எத்தனை விதை?"

"எண்ணலங்க. அதது பசிக்கு."

"எவ்வளவு நேரம் தடவுவ?"

"அது போதும்னு சொல்ற வரைக்கும்."

"எலி போதும்னு சொல்லுமா?"

"சொல்லுங்க ஐயா."

பெரிய டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "நீ எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவது."

"நான் முப்பத்திரண்டு வருஷம் படிச்சிருக்கேன்."

"தெரியும் ஐயா. அதனாலதான் உங்ககிட்ட வந்து சொல்றேன்."

"என் அஞ்சு வருஷ வேலைய உன் பஞ்சு செஞ்சுதுங்கற."

"அப்படிச் சொல்லலங்க. பஞ்சு செய்யலன்னு உங்களால சொல்ல முடியாதுன்னு சொல்றேன்."

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"பாத்திரம் கழுவுற தங்கச்சிகிட்ட."

ஒன்பது வருடத்தில் பெரிய டாக்டர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேராக இருந்த குடுவைகளை இன்னும் நேராக்கினேன்.

அப்போது கடிகாரப் பெண் தன் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய பட்டமே அந்தப் பரீட்சையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "சார், தொட்டித் தண்ணியில மூணு தடவ பஞ்சு மிதந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: பஞ்சு, காரணம் தெரியவில்லை.

பெரிய டாக்டர் பெருமை பிடித்தவர்தான், ஆனால் பொய்யர் இல்லை. அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து பதினாலு வீட்டுக்கும் ஆள் போனது. நிர்வாகக் காரணங்களால் தள்ளிவைக்கப்படுகிறது, பழைய மருந்தைத் தொடரவும். எலியண்ணனை எலி அறையிலிருந்து எடுத்து, உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்கள். நாற்காலிகளுக்கு அவரால் கெடுதல் வராது என்று நினைத்திருப்பார்கள். புது எலிகள் எண்பது வாங்கி, யாரும் தொடாமல், எல்லாம் முதலிலிருந்து செய்தார்கள். இந்தத் தடவை மஞ்சளும் பஸ்ஸை விட்டது, வெள்ளையும் பஸ்ஸை விட்டது.

இந்தச் சேதியைப் பேப்பரில் போடவில்லை.

அத்தானுக்கு நிர்வாகக் காரணம் என்னவென்று எலியண்ணனே சொல்லிவிட்டார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், இல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு பிடி விதையில என் வீட்டுக்காரி மருந்தக் கெடுத்துட்டியேடா" என்றார் அத்தான். கத்தவில்லை. நோட்டை மூடி அலமாரிமேல் போட்டார்.

அதோடு மச்சானிடம் பேச்சை நிறுத்தினார். ஒரே வீடு, இரண்டே அறை, மூன்று பேர். எதுவாக இருந்தாலும் அக்கா மூலமாகத்தான்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லி."

அக்கா எழுந்து பக்கத்து அறைக்குப் போவார். போய் நின்று யோசிப்பார். "தம்பி, ஏதோ சொல்லச் சொன்னாருடா."

"என்னக்கா?"

"நல்ல விஷயம்தான். வந்தா சொல்றேன்."

மேல் தொட்டி வழிந்து மாடிப்படியில் தண்ணீர் இறங்கும். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. மோட்டார்க்காரர் மட்டும் நாலு தடவை வந்துபோனார்.

இதற்கிடையில் பெரிய டாக்டருக்குப் புது யோசனை வந்திருந்தது. மருந்து வேலை செய்யவில்லை, சரி. அப்படியானால் முதல் எலிகளுக்கு ஞாபகம் வந்தது எதனால்? அதையே ஆராய்ந்தால் என்ன? கடவுள் எந்த வாசலை அடைத்தாலும் பெரிய டாக்டர் ஜன்னலில் கை விடுவார். ஆனால் ஒரு மனிதன் தடவினால் அது ஆராய்ச்சி ஆகாதாம், ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காதாம். அதனால் எலியைத் தடவுவதற்கு ஒரு மெஷின் செய்தார்கள். நீளமான கை, நுனியில் மெத்தென்ற தூரிகை. வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார்கள். அதைப் பார்த்த முதல் நாளே எலிகள் மரத்தூளுக்குள் புதைந்துகொண்டன. இரண்டு எலி தூரிகையைக் கடித்துப் பிய்த்துவிட்டன.

கடைசியில் நாற்காலி அறைக்கு ஆள் அனுப்பினார்கள். எலியண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் எலியைக் கொடுத்து, நாலு பக்கமும் படம் பிடித்தார்கள். எவ்வளவு அழுத்துகிறார், நிமிடத்துக்கு எத்தனை தடவை, தலையிலிருந்து வாலுக்கா, காதுக்குப் பின்னாலா என்று அளந்தார்கள். சாயங்காலம் என்னிடம் வந்து, "என் கைக்கும் நம்பர் போட்டுட்டாங்க தங்கச்சி" என்றார். வருத்தமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மெஷினைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு எலிகள் அதைக் கடிக்கவில்லை, ஒதுங்கி மட்டும் நின்றன. ஆறு மாதத்தில் சில எலிகளுக்கு ஞாபகம் கொஞ்சம் கூடியது. உண்மையாகவே கூடியது, கடிகாரப் பெண்தான் அளந்தாள். அவளுக்குப் பட்டமும் கிடைத்தது.

அந்தச் சேதி பேப்பரில் வந்த காலை நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தான் கத்தரிக்கோலோடு இந்த அறைக்கு வந்து, நேராக எலியண்ணன் முன்னால் நின்றார்.

"ஒருத்தன் சொன்னா நீ கேக்க மாட்ட. ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க, இதையாவது கேளு. தினமும் கொஞ்ச நேரம் அன்பாத் தொட்டுப் பாத்துக்கிட்டா மறதி மெதுவாகுமாம்."

எலியண்ணன் துண்டை வாங்கிப் படித்தார்.

"எலிக்குத்தான்" என்றார் அத்தான். "கடைசி வரிய இந்தத் தடவ வெட்டல."

செய்தியோடு ஒரு படம் இருந்தது. ஒரு கை, அதில் ஓர் எலி. முகம் இல்லை.

"யாரு கைன்னு போடல. யாரோ பெரிய டாக்டர் போல."

"இருக்கும் அத்தான்."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். துண்டைப் பிடித்திருந்த மச்சானின் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் பழைய பல் தழும்பு, வளைந்த மாதிரி. படத்திலும் வளைந்த மாதிரி. டிக்கெட்டில் உள்ள நம்பரையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார்.

"டீ குடிக்கிறியா?" என்றார்.

"குடிக்கிறேன் அத்தான்."

அன்று முதல் மாலையில் அரைமணி நேரம் ஒருவர் மாற்றி ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அத்தான் கடிகாரம் பார்த்துச் செய்வார். அக்காவின் நோய் குணமாகவில்லை. மாத்திரை நிற்காமல் ஓடியது, இன்னும் இரண்டு வருடத்துக்குத் தம்பியைத் தம்பி என்று கூப்பிட்டார். அது மாத்திரையாலா, கையாலா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு எலியண்ணன், "ஒரே ஒரு அக்காவ வெச்சு எதையும் சொல்ல முடியாது தங்கச்சி. எண்பது அக்கா வேணும்" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், மூன்று பேரும் அக்கா மகள் இருக்கிற ஊருக்குக் குடி போனார்கள். அங்கே போன மூன்றாம் வருடம் எலியண்ணன் தவறிவிட்டார். தூக்கத்திலேயே. அத்தான்தான் கடிதம் எழுதினார். நடுவில் ஒரு பேப்பர் துண்டும் மடித்து வைத்திருந்தார், தூக்கத்தில் நின்றுபோகும் இதயத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும், கையில் கட்டிக்கொள்கிற ஏதோ ஒரு பட்டையைப் பற்றி. அடியில் பென்சிலால், "மனுஷருக்கே வந்துவிட்டதாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். நான் அன்று அவர்கள் மூவருக்காகவும் வெகுநேரம் முழங்காலில் இருந்தேன்.

முன்பு அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று வழியனுப்பப் போயிருந்தேன். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார். அத்தான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார், சாமானோடு போட விடவில்லை. எலியண்ணன் ஏறப் போனவர் நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், "அக்காவுக்கு மருந்து வருமா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"வரும் தங்கச்சி, ஏன் வராது. அக்காவுக்கு வராட்டியும் அடுத்தவங்களுக்கு வரும். வந்துச்சுன்னு பேப்பர்ல பாத்தா உடனே எழுதிப் போட்டுடாத, அத்தான் மாத்திரைய நிறுத்திடுவாரு. நீ மூணாவது மாடிக்குப் போய், எலிய யாரு பாத்துக்கிட்டதுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு, அப்புறமா எழுது."